எந்தக் குரலையும் நம்பாதே

முதல் அறையின் சத்தம் டீச்சருக்குக் காருக்குள் உட்கார்ந்தபடியே, காதில் மாட்டியிருந்த கருவி வழியாகக் கேட்டது. பளாரென்று ஒன்று. அதன் பின்னாலேயே அவள் தம்பியின் குரல், "சார், சார், ஒரு நிமிஷம் சார்" என்று குழைந்தது. அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. மாட்டிக்கொண்டதா கழுதை என்று நினைத்துக்கொண்டாள். பெரிய நகரத்தில் ஏசி அறையிலேயே உட்கார்ந்து உடம்பு வளர்த்தவனுக்கு ஒரு அறை விழுந்தால் ஒன்றும் குடி முழுகிவிடாது என்றுகூட நினைத்தாள். அப்படி நினைத்ததற்காக அப்புறம் அவள் தன்னை மன்னிக்கவே இல்லை.

உள்ளே நடந்துகொண்டிருந்தது ஒரு பரீட்சை. எழுதுகிறவர்கள் அந்தக் குளிர்பதனக் கிடங்கின் காவலாளிகள். தங்களுக்குப் பரீட்சை நடக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. பிரிண்டர் ரிப்பேர்காரன் வேஷத்தில் தம்பி உள்ளே நுழைய வேண்டும். கணக்கு அறைக் கம்ப்யூட்டரில் ஒரு பென்டிரைவைச் சொருக வேண்டும். சொருகிவிட்டால் காவலாளிகள் தோற்றார்கள், அதற்குள் பிடித்துவிட்டால் ஜெயித்தார்கள். தம்பியின் சட்டைப்பையில் போன் திறந்தபடி இருந்தது. டீச்சரின் முகம் காவலாளிகளுக்குத் தெரியும் என்பதால் அவள் மெயின் ரோட்டில் பஞ்சர் கடை ஓரமாகக் காரை நிறுத்திவிட்டு, எல்லாவற்றையும் காதால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வேஷம் சும்மா பொறுக்கியெடுத்த வேஷம் இல்லை. போன வருஷம் இதே கிடங்குக்கு ஒருவன் பிரிண்டர் ரிப்பேர்காரன் என்று சொல்லிக்கொண்டுதான் வந்தான். தலைமைக் காவலாளி அவனை மரியாதையாக உள்ளே அழைத்துப்போய், நாற்காலி போட்டு, தன் கையால் தண்ணீர் மொண்டு கொடுத்தார். வந்தவன் குடித்துவிட்டு, கட்டைவிரல் பருமனில் எதையோ கம்ப்யூட்டரில் சொருகிவிட்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனான். மறுநாள் காலையில் கிடங்கிலிருந்த ஒவ்வொரு திரையும் பூட்டிக்கொண்டது. காய்கறியும் இறைச்சியும் அழுகின, மருந்து கெட்டது. அது போகட்டும், அழுகினதை அள்ளிக் கொட்டிவிடலாம். இயந்திர அறையின் அளவு காட்டும் திரையும் செத்துப்போயிருந்தது. அம்மோனியாக் குழாய் கசிவது யாருக்கும் தெரியவில்லை. கையால் வால்வைத் திருப்ப உள்ளே போன மெக்கானிக்கைக் கண்ணும் தொண்டையும் வெந்த பிணமாகத்தான் வெளியே இழுத்தார்கள். அந்த மெக்கானிக், தலைமைக் காவலாளியின் மச்சினன். மனைவியின் ஒரே தம்பி.

தலைமைக் காவலாளிக்குக் கமாண்டர் என்று பட்டப்பெயர். விசிலும் மீசையும் விறைப்பும் பார்த்து யாரோ கேலிக்கு வைத்தது, அவருக்கே பிடித்துப்போய் நிலைத்துவிட்டது. மச்சினன் செத்த பிறகு விறைப்பு மட்டும் மிச்சம் இருந்தது. தண்ணீர் மொண்டு கொடுத்த கையை அடிக்கடி சட்டையில் துடைத்துக்கொள்கிறார் என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள்.

இந்த வட்டாரத்துக்கு எதையும் இழவு விழுந்த பிறகுதான் யோசிக்கத் தெரியும். அந்தச் சாவுக்குப் பிறகுதான் கிடங்கின் முதலாளி மேசையைத் தட்டினார். அவர்தான் வட்டாரத்துத் தொழிலதிபர்கள் சங்கத்துக்கும் தலைவர். ஒவ்வொரு தடவையும் வெளியூரிலிருந்து கோட்டுப் போட்டவனைக் கூட்டிவந்து கும்பிடு போட்டுக்கொண்டிருக்க முடியாது, நம் பிள்ளைகளையே தயார் பண்ணுவோம், இங்கே படித்தவன் இங்கேயே காவல் காக்கட்டும் என்றார். அதற்கு முன்பு டீச்சர் துணிக்கடை மாடியில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தாள். அவளிடம் படித்துத் தேறியவன் எவனும் ஊரில் தங்கியதில்லை, சர்டிபிகேட் மை காயும் முன் பஸ் ஏறிவிடுவான். சங்கம் ஒரு பழைய கோடவுனுக்கு வெள்ளையடித்து, ஏசி மாட்டி, இணையப் பாதுகாப்புப் பயிற்சி மையம் என்று பலகையும் மாட்டி அவள் கையில் கொடுத்தது.

தம்பியை இழுத்துவந்ததும் அவள்தான். பெரிய நகரத்தில் இந்த வேலையில் பழம் தின்று கொட்டை போட்டவன் அவன். "ஊரானுக்கு உழைச்சது போதும், வாடா" என்று நச்சரித்து நச்சரித்து வேலையை விட வைத்தாள். வந்தவன் மையத்துப் பிள்ளைகளுக்குச் சின்ன சார் ஆனான். திருடன் புத்தியில் யோசிக்கக் கற்றுக் கொடுத்தான், பிள்ளைகள் அவன் பின்னாலேயே சுற்றினார்கள். இன்றைய பரீட்சைதான் மையத்தின் முதல் நிஜ வேலை. இது நல்லபடியாக முடிந்தால் வட்டாரத்துத் தொழிற்சாலைகள் எல்லாம் காவலை மையத்திடமே ஒப்படைப்பதாகப் பேச்சு. முதலாளி அந்தக் காலை நேரத்தில் அதைப் பற்றித்தான் மண்டபத்தில், மாலையும் மைக்குமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது சத்தம் கையால் விழுந்த அடி இல்லை. கம்பு. தம்பி கத்தினான். டீச்சரின் சிரிப்பு அப்படியே நின்றது.

"பிரிண்டர் பார்க்க வந்தியா? பிரிண்டர்?" என்று கமாண்டரின் குரல் கேட்டது. மெதுவாக, கிட்டத்தட்ட அன்பாகக் கேட்டது. "தண்ணி வேணுமாடா உனக்கு? தண்ணி குடிக்கிறியா?"

மறுபடி கம்பு. வேறு யாரோ இருவரின் மூச்சிரைப்பு. நாற்காலி ஒன்று உருண்டது. டீச்சர் காரைக் கிளப்பினாள்.

காலையில் கிளம்பும்போது தம்பி சொல்லத்தான் சொன்னான். அக்கா, வேற வேஷம் போடலாமே, அந்தாளுக்கு மச்சினன் செத்திருக்கான் என்றான். வலிக்கிற இடத்தில்தான் அழுத்திப் பார்க்க வேண்டும், டாக்டர் வேறு என்ன செய்கிறார் என்று அவள் கேட்டாள். சரி, கமாண்டரிடம் மட்டுமாவது காதில் போட்டுவைப்போமா என்றான். சொல்லிவிட்டுச் செய்தால் அதற்குப் பெயர் பரீட்சையா, நாடகமா என்று மடக்கினாள். அவள் வாயை யாரும் ஜெயித்ததில்லை. அவன் தோளைக் குலுக்கிவிட்டுப் பிரிண்டர் கம்பெனி அடையாள அட்டையைச் சட்டையில் குத்திக்கொண்டான். சீட்டை மட்டும் மறக்காதே என்று அவள் சொன்னாள். இது அனுமதியோடு நடக்கும் சோதனை என்று முதலாளி கையெழுத்துப் போட்ட சீட்டு அது. மாட்டிக்கொண்டால் காட்ட வேண்டியது. போன பயிற்சியில் அவசரப்பட்டு அதைக் காட்டியதற்கு அவள் எல்லோர் முன்னாலும் அவனை வாங்கு வாங்கென்று வாங்கியிருந்தாள். அந்த ரோஷத்தில்தான் இன்று முதல் இரண்டு மூன்று அடிக்கு அவன் சீட்டை எடுக்கவே இல்லை.

இப்போது எடுத்தான். "சீட்டு இருக்கு சார்... மேல் பாக்கெட்... முதலாளி கையெழுத்து" என்று திணறினான். காகிதம் கிழியும் சத்தம் கேட்டது.

"இந்தக் கதையும் கிளாஸ்லயே சொல்லிட்டாங்க" என்றார் கமாண்டர்.

சொல்லியிருந்தாள். போன வாரம் காவலாளிகளுக்கு அவளே வகுப்பு எடுத்தாள். தம்பியின் முகம் தெரியக்கூடாது என்று அவனை அழைத்துப்போகவில்லை, அவன் கைவேலையை மட்டும் எடுத்துப்போனாள். முதலாளியின் மேடைப் பேச்சுகளைக் கோத்து அவன் கம்ப்யூட்டரில் முதலாளியின் குரலையே உண்டாக்கியிருந்தான். வகுப்பு நடுவில் கமாண்டரின் போன் அடித்தது. கேட்டைத் திற, ஒரு வண்டி வருகிறது என்று முதலாளி உறுமினார். கமாண்டர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடினார். கேட்டைத் திறந்துவிட்டுத் திரும்பி வந்தவரிடம், அது முதலாளி இல்லை, மெஷின் என்று டீச்சர் சொன்னாள். கமாண்டரின் முகம் மெல்ல மெல்லக் கறுத்தது.

அதற்குப் பிறகு அவள் சொன்னதையெல்லாம் அவர்கள் வேதவாக்காகக் கேட்டுக்கொண்டார்கள். சீட்டு நீட்டினால் நம்பாதீர்கள். உங்களைப் பற்றி எல்லாம் தெரிந்தவன் போலப் பேசினால் இன்னும் பயப்படுங்கள். அவசரப்படுத்துகிறவன் திருடன், அழுகிறவன் பெரிய திருடன். எந்தக் குரலையும் நம்பாதீர்கள். இதோடு நிறுத்தியிருக்கலாம். கைதட்டல் வேண்டியிருந்தது அவளுக்கு. "என் குரலா இருந்தாலும்" என்று சேர்த்துக்கொண்டாள். கைதட்டினார்கள்.

ரோட்டில் முன்னால் ஒரு லாரி திரும்ப முடியாமல் முக்கிக்கொண்டிருந்தது. டீச்சர் ஹாரனிலிருந்து கையை எடுக்காமல், இன்னொரு போனில் முதலாளியைக் கூப்பிட்டாள். போன் அணைந்திருந்தது. மறுபடி கூப்பிட்டாள். கிடங்கில் இந்தச் சோதனை நடப்பது தெரிந்தவர் முதலாளி ஒருவர்தான், அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். முதலாளியோ மேடையில் இருந்தார். மறுபடியும் மறுபடியும் அதே நம்பரையே அழுத்திக்கொண்டிருந்தாள். மூளை அதற்கு மேல் ஓடவில்லை.

"அக்கா!" என்று தம்பி அலறினான். "நீ சொல்லுக்கா! அக்கா லைன்லதான் இருக்கா சார், கேட்டுப் பாருங்க சார்!"

சட்டைப்பையிலிருந்து போனை யாரோ உருவுவது கேட்டது.

"யாரு?" என்றார் கமாண்டர்.

"கமாண்டர், நான்தான். டீச்சர். அவனை விட்டுடுங்க. அவன் என் தம்பி. நாங்க வெச்ச பரீட்சை இது."

கமாண்டர் சிரித்தார். டீச்சர் குரலையும் செய்துவிட்டார்கள், அச்சு அசல் என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் காட்டினார், போனை எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார்.

அவள் தன்னை நிரூபிக்கப் பார்த்தாள். வகுப்பில் நடந்தது, அவர் கேட்டைத் திறக்க ஓடியது, எல்லாவற்றையும் கொட்டினாள். உங்கள் பெண் எங்கள் மையத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்து படிக்கிறாள், அவளைப் பிள்ளைகள் முன்வரிசை என்றே கூப்பிடுவார்கள் என்று சொன்னாள். சொல்லியிருக்கக் கூடாது.

"என் பொண்ணு வரைக்கும் மோப்பம் பிடிச்சிட்டு வந்திருக்கீங்களாடா" என்றார் கமாண்டர். அந்தக் குரல் அவர் குரலாகவே இல்லை. அடுத்த அடி இரும்பில் விழுந்தது. அதாவது இரும்பு விழுந்தது, எலும்பின் மேல். தம்பியின் கத்தல் பாதியில் உடைந்து வேறு ஏதோ சத்தமாக மாறியது. "எந்தக் கையால சொருகின? இதுவா? இதுவா?" பூட்ஸ் கால் எதையோ தரையோடு சேர்த்து நசுக்கியது. தெரிந்த மனிதக் குரல்களில் அப்படி ஒன்றை டீச்சர் அதுவரை கேட்டதில்லை. பால்பல் விழுந்த வாயோடு அவன் அழுதது தெரியும், அப்பா செத்தபோது அழுதது தெரியும். இது எதிலும் சேரவில்லை.

அவள் ஓவென்று அழுதாள். சீக்கிரம் நிறுத்துங்க, அவன் செத்துடுவான், சீக்கிரம், சீக்கிரம் என்று கெஞ்சினாள்.

"அழுகையும் வந்துடுச்சு, அவசரமும் வந்துடுச்சு" என்றார் கமாண்டர். "டீச்சர் சொன்ன வரிசை கொஞ்சமும் மாறல."

அழ அழ அடி விழுகிறது என்பது அவளுக்கு அப்போது உறைத்தது. நாக்கைக் கடித்து அழுகையை விழுங்கினாள். வாயில் ரத்தம் கரித்தது. வகுப்பில் பேசுகிற குரலை எங்கிருந்தோ தேடி எடுத்தாள்.

"சரி. என்னை நம்பாதீங்க. இந்த போனையே நம்ப வேண்டாம். மையத்து நம்பர் உங்ககிட்ட இருக்கு. உங்க போன்லேர்ந்து நீங்களா கூப்பிட்டுக் கேளுங்க. அதுவரைக்கும் அவன் மேல கை வைக்காதீங்க."

கமாண்டர் யோசித்தார். அவர் கொலைகாரர் இல்லை. சொன்ன பாடத்தைப் பிசகாமல் செய்கிற மனிதர், இதுவும் பாடத்தில் இருந்தது. நீங்களாகத் தெரிந்த நம்பருக்குக் கூப்பிட்டு விசாரியுங்கள் என்று அவளே பலகையில் எழுதிப்போட்டாள். "அது நியாயம்" என்றார். அடி நின்றது.

லாரி நகர்ந்தது. டீச்சர் சந்தில் காரை நுழைத்தபடி மையத்துக்குத் தானும் கூப்பிட்டாள். லைன் பிஸியாக இருந்தது. நல்லது, கமாண்டர்தான் பேசுகிறார் என்று நிம்மதியாகக்கூட இருந்தது. இன்றைக்கு அங்கே போன் எடுக்க உட்கார்ந்திருப்பது முன்வரிசைதான். பெற்ற மகள் சொன்னால் நம்பாமல் போவாரா? பிழைத்தோம் என்று நினைத்தாள். திறந்த லைனில் கமாண்டரின் பேச்சு தூரமாகக் கேட்டது. பாப்பா, அப்பாதான் பேசறேன், உங்க டீச்சர் இன்னிக்கு நம்ம கிடங்குக்கு யாரையாவது அனுப்பினாங்களா, டீச்சர் தம்பின்னு யாராவது அங்க இருக்காங்களா என்று கேட்டார். பதில் கேட்கவில்லை. சரிம்மா, சரிம்மா என்று அவர் போனை வைத்தது கேட்டது.

பிறகு அவர் பக்கத்தில் வந்து பேசினார்.

"கேட்டாச்சு. அப்படி யாரையும் அனுப்பல. அப்படி ஒரு ஆளே அங்க இல்லையாம். நான் பெத்த பொண்ணு எங்கிட்ட பொய் சொல்லமாட்டா."

வாரத்தின் முதல் நாள் தானே மையத்துப் பிள்ளைகளை நிறுத்திவைத்துச் சொன்னது டீச்சருக்கு நினைவுக்கு வந்தது. இந்த வாரம் உங்களுக்கும் பரீட்சை உண்டு, யார் வேண்டுமானாலும் கூப்பிட்டு யார் எந்த வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்று கேட்பார்கள், பெற்ற அப்பன் குரலில்கூடக் கேட்பார்கள், அப்படி ஒரு ஆளே இல்லை என்று சொல்லிவிடுங்கள். முன்வரிசை அதைக் கண்கொட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் எதையும் ஒரு தடவைக்கு மேல் கேட்கத் தேவையில்லாதவள்.

"கமாண்டர், அவளுக்கு நான்தான்..." என்று டீச்சர் ஆரம்பிக்கும்போது போன் சுவரில் மோதி உடைந்தது. லைன் செத்தது.

கிடங்கின் கேட் மூடி, உள்பக்கம் தாழ் போட்டிருந்தது. கேட்டுக்கு உள்ளே நின்ற வயதான காவலாளி கம்பி வழியாக அவளைப் பார்த்ததும் அடையாளம் கண்டு சல்யூட் அடித்தார். திறங்க என்றாள். டீச்சர், உள்ளே திருடன் மாட்டியிருக்கான், மாட்டினா யாரையும் உள்ளே விடக்கூடாது, வெளியேயும் விடக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க என்று அவர் பணிவாக நினைவூட்டினார். கமாண்டர் உத்தரவு வேண்டும் என்று வாக்கி-டாக்கியில் கூப்பிட்டார். கமாண்டர் எடுக்கவில்லை. அவருக்கு உள்ளே வேலை இருந்தது.

டீச்சர் காரைப் பின்னால் எடுத்தாள். காவலாளி சற்று ஒதுங்குவார் என்று எதிர்பார்த்தாளா, ஒதுங்காவிட்டால் போகட்டும் என்று நினைத்தாளா, அவளுக்கே தெரியாது. ஆக்சிலேட்டரை மிதித்தாள். கேட்டின் ஒரு கதவு கீலோடு பிய்ந்து அந்த மனிதரின் மேல் சாய்ந்தது. தொடை எலும்பு முறிந்த சத்தம் கண்ணாடி உடைந்த சத்தத்தோடு சேர்ந்து கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நெற்றியிலிருந்து கண்ணுக்குள் வழிந்த ரத்தத்தைப் புறங்கையால் வழித்துக்கொண்டு ஓடினாள்.

கணக்கு அறையில் பிரிண்டர் காகிதம் தரையெல்லாம் சிதறி, வெள்ளையில் பாதி சிவப்பாகக் கிடந்தது. இரண்டு காவலாளிகள் சுவரோரம் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். இரும்பு பீரோவின் கதவில், ஆள் உட்கார்ந்தால் தலை இருக்கும் உயரத்தில், ஒரு பள்ளம் விழுந்திருந்தது. அதன் கீழே தம்பி மடங்கிக் கிடந்தான். முகம் எது என்று தேட வேண்டியிருந்தது. விரல்கள் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் பார்த்தன. உலகத்தில் எந்தப் பூட்டையும் திறந்துகாட்டிய விரல்கள்.

கமாண்டர் கையில் இரும்புக் குழாயோடு திரும்பினார். அவளைப் பார்த்தார். குரலை நம்பக்கூடாது என்று பாடம் உண்டு, நேரில் நிற்கிற ஆளைப் பற்றிப் பாடம் ஏதும் இல்லை. குழாய் அவர் கையிலிருந்து நழுவிக் கணீரென்று விழுந்தது.

அதை டீச்சர் எடுத்தாள். கண்மண் தெரியாமல் அடித்தாள். தோளில், விலாவில், மீசை இருந்த முகத்தில். பல் ஒன்று தெறித்துப் பிரிண்டர் காகிதத்தில் விழுந்தது. கமாண்டர் கையைத் தூக்கித் தடுக்கவில்லை, நகரவும் இல்லை. அவர் கண் தரையில் கிடந்தவன் மேலேயே இருந்தது. "டீச்சர், நீங்க சொன்னபடிதான் செஞ்சோம்" என்றார், ரத்தம் கொப்பளிக்கும் வாயால். குறை சொல்லவில்லை. விளங்கவில்லை அவருக்கு, அதனால் சொன்னார். அவள் கையிலிருந்து குழாய் தானாகக் கீழே போயிற்று.

தம்பியைத் தூக்கியதும் கமாண்டர்தான். உடைந்த விலாவோடு, குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு ஓடினார். வழியில் கேட்டடியில் கிடந்த காவலாளியைப் பார்த்து, இவரைக் கவனிங்கடா என்று மற்ற இருவருக்கும் கத்தினார். நெளிந்த காரின் பின்சீட்டில் தம்பியின் தலையை மடியில் வைத்துக்கொண்டார். மூச்சு வருது டீச்சர், வருது, வருது என்று சொல்லிக்கொண்டே வந்தார். டீச்சர் எதையும் பார்க்காமல் ஓட்டினாள். நடுவழியில் முதலாளி கூப்பிட்டார். மேடையிலிருந்து அப்போதுதான் இறங்கியிருந்தார், பின்னால் கைதட்டல் இன்னும் கேட்டது. நிறைய மிஸ்டு கால் பார்த்தாராம். பரீட்சை எப்படிப் போச்சு, நம்ம ஆளுங்க திருடனைப் பிடிச்சாங்களா என்று ஆவலாகக் கேட்டார்.

"பிடிச்சாங்க" என்றாள் டீச்சர்.

முதலாளி சந்தோஷத்தில் யாரிடமோ, கேட்டீங்களா, நம்ம வட்டாரத்துப் பயிற்சி எப்படி என்று பெருமை பேசப் போய்விட்டார். பின்சீட்டில் கமாண்டர் வருது, வருது என்பதை நிறுத்தியிருந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. மண்டைக்குள் ரத்தம் கட்டியிருந்தது என்றார். வரும் வழியிலேயே போயிருக்கும் என்றார். சொல்லிவிட்டு டீச்சரின் நெற்றிக்குத் தையல் போட வேண்டும் என்றார், அவள் காதில் வாங்கவில்லை. வராந்தா பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். வாடா வாடா என்று கூப்பிட்டு அழைத்துவந்து தின்றுவிட்டேன் என்று வாய்விட்டுச் சொன்னாள். கமாண்டர் எதிர்ச் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். போலீசுக்கு அவரே போன் பண்ணிச் சொல்லியிருந்தார். மடியெல்லாம் ரத்தம். அந்தக் கையை இப்போது எதில் துடைப்பது என்று தெரியாமல் விரித்து வைத்திருந்தார்.

டீச்சரின் போன் அடித்தது. முன்வரிசை.

டீச்சர் எடுத்துக் காதில் வைத்தாள். வராந்தா அமைதியில் அந்தப் பெண்ணின் குரல் இருவருக்குமே கேட்டது. மூச்சு வாங்க, துள்ளலாகப் பேசினாள்.

"டீச்சர், சின்ன சாருக்கு என் சார்பா ஒரு சபாஷ் சொல்லுங்க. எங்க அப்பா குரலை அப்படியே செஞ்சிருக்காரு. பாப்பான்னு கூப்பிடறதுகூட அதே மாதிரி. ஒரு நிமிஷம் நானே ஆடிப்போயிட்டேன். ஆனா ஏமாறலை டீச்சர். அப்படி யாருமே இல்லைன்னு பட்டுனு சொல்லிட்டேன். சரியா செஞ்சேனா?"

கமாண்டர் சுவரைப் பிடித்து எழுந்து வந்தார். கையை நீட்டினார்.

"குடுங்க டீச்சர். யாரோ சொல்லித் தெரிய வேண்டாம். நானே சொல்றேன்."

அவள் கொடுத்தாள். அவர் போனைக் காதில் வைத்து, உடைந்த வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார்.

"பாப்பா" என்றார். "அப்பா பேசறேன்."

அந்தப் பக்கம் முன்வரிசை கலகலவென்று சிரித்தாள்.

"மறுபடியுமா? ஒரு தடவை ஏமாறாதவ ரெண்டாவது தடவை ஏமாறுவேனா சார்? எங்க அப்பா இந்நேரம் டூட்டில இருப்பாரு" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

கமாண்டர் செத்த போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, பாப்பா, அப்பாதாம்மா, நிஜமாவே அப்பாதாம்மா என்று சொல்லிக்கொண்டே நின்றார்.